பென்ஷன் பிச்சையல்ல
(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேசியதின் சாரம்)



முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் "என் தலைவிதி" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். மற்றொருவர் தாலுகா ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்று "எஜமான், தயவு பண்ணுங்கள்" என்கிறார். இவ்விரண்டும் ஒரே வியாதி என்பதே நமது அபிப்பிராயம். விதி என்பவனுக்கும் தயவு என்பவனுக்கும் தனக்கு உரிமை உண்டு என்ற எண்ணமே வருவதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பீகார் கல்வி இலாகாவில் வேலை பார்த்த தேவகி நந்தன் பிரசாத் என்பவருக்குப் பென்ஷன் மறுக்கப்பட்டபோது, பென்ஷன் என்பது சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் இனாமல்ல, உரிமை என்று 1971இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிறகு மத்திய சர்க்கார், 1979 மார்ச் 31ஆம் தேதி முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்கே புதிய கணக்குப்படி கூடுதல் பென்ஷன் என்றது. அதற்கு முதல்நாள் ஓய்வு பெற்றவனுக்கு வயிறு வேறா, பசி வேறா? நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் தேதிக் கோட்டை அழித்தார்கள். அதற்குக் காரணம் 14ஆம் பிரிவின் சமத்துவமே.

"அவர்கள் உத்தியோகஸ்தர்கள், உழைத்துச் சம்பாதித்தார்கள், கூலிக்காரக் கிழவிக்கு என்ன உரிமை?" என்று சிலர் கேட்கலாம். கிழவி வயலில் உழைக்கவில்லையா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். முதுமையில் உதவி செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகிறது. அதை மட்டும் காட்டிக் கோர்ட்டில் பணம் வாங்க முடியாது என்பது வாஸ்தவமே. ஆனால் 1962இல் இந்த ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் ஏற்பட்டுவிட்டது. திட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, தகுதியுள்ள ஒருத்திக்குக் கொடுத்து, அதே தகுதியுள்ள மற்றொருத்திக்குக் காரணமின்றி மறுக்க எந்தச் சர்க்காருக்கும் அதிகாரமில்லை.

கோர்ட் என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 226ஆம் பிரிவின்படி ஹைக்கோர்ட்டில் ரிட் மனுப் போட்டால், நீதிபதி தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து பணம் பட்டுவாடா செய்யமாட்டார். காரணம் எழுதினார்களா, நிறுத்துமுன் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டார்களா, விதிப்படி நடந்தார்களா என்றே பார்ப்பார். தவறியிருந்தால் உத்தரவை ரத்து செய்து, மறுபடியும் ஒழுங்காக விசாரிக்கச் சொல்லுவார். இது சிறு காரியமல்ல; வாய்ச்சொல்லால் விரட்டியவரைக் காகிதத்தில் பதில் எழுத வைப்பதாகும்.

ஆகவே தோழர்களே, முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பிறகு மேலதிகாரிக்கு மனுச் செய்யுங்கள். அதற்கும் பயனில்லையென்றால் கோர்ட் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று ஏங்கவேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

2023இல் இத்தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக்கப்பட்டது. பணக்காரனுக்கு அது ஒருவேளை விருந்துச் செலவு. கிழவிக்கோ மாதம் முழுவதும் அரிசி, மருந்து. அதை வாங்கக் கும்பிட வேண்டியதில்லை. மனு எழுதத் தெரிந்த வாலிபர்கள் தெருவுக்கு ஒருவர் முன்வந்தால் போதும்.