பேடு ஆடிய காமன்

நேயர்களே, மாசித் திங்களில் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே காமன் கூத்து ஆடப்படுவதை அறிவீர்கள். காமன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். ரதியாக வருபவர் மரபுப்படி ஓர் ஆடவரே. எனினும் அது வேடந்தான். ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காத பாத்திரத்தைத் தேடினால், அகப்படுபவன் எரிகின்ற அந்தக் காமனே!

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் பேடு என்பது காமனுக்குரியது. வாணன் சிறையிட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கவே அவன் பேடியாகி ஆடினான், நகைப்புக்காக அன்று. தொல்காப்பியரும் பேடியை உயர்திணையிலேயே வைத்தார்.

தமிழ்த் திரைப்படமோ இத்தகையோரை நெடுங்காலம் கேலிப்பொருளாக்கிற்று. 2019இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கை ஷில்பா தன் மகனிடம் திரும்புகிறாள். சிறுவன் கூச்சமின்றி அவளோடு தெருவில் நடக்கிறான்.

வரும் மாசியில், காமன் எரியுமுன், மகனுக்காக அவன் ஆடிய ஆடலையும் நம் கூத்தர் ஆடிக்காட்டலாகாதா?