படைக்குளிசையும் இருதயக்காரரும்
(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் பேசியது)



மழையில் நனைந்துகொண்டே மலையில் நிற்கிறோம். சேத்துப்புண்ணும் படர்தாமரையும் எந்த லயத்தில்தான் இல்லை? அதுக்குப் பெரும்பாலும் பூசுமருந்தே போதும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போடுகிறோமே, அதுதான் ஆபத்து.

நமக்குத் தெரிந்த அக்கா ஒருவர், இருதய வால்வு ஒப்பரேசன் செய்தவர். இரத்தம் கட்டாமலிருக்க வார்பரின் எடுக்கிறவர். படர்தாமரைக்கு யாரோ கொடுத்த புளுகோனசோல் போட்டார். சில நாளில் பல் ஈறில் இரத்தம் நிற்கவேயில்லை. அந்தக் குளிசை வார்பரினை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவிட்டது. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பினார்.

இட்ராகோனசோல் என்றும் ஒன்றுண்டு. இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்குகிறவர்களுக்கு அது இருதயத்தை இன்னும் தளர்த்தும். கொழுப்புக்கு சிம்வாஸ்டட்டின் எடுப்பவர்கள் அதையும் சேர்த்துப் போட்டால் தசை பழுதாகலாம்.

ஆகவே எங்கே மருந்து வாங்கினாலும் கிளினிக் கொப்பியை முதலில் காட்டுவோம். இருதய மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்போம். அதுக்குச் செலவில்லை.