மெம்பிஸ் நகரில் 65 நாட்கள்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்குமான கல்வி வகுப்பில் வழங்கிய உரை)



மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை மே தின மேடைகளில் நாமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். 1968 ஏப்ரல் 4ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அன்று அவர் எந்த ஊரில் இருந்தார், எதற்காக அங்கே போனார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரம் அது. அங்கே குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் அவரைச் சுட்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் முக்கியமான கோரிக்கைகளில் இரண்டு, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள், சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்திடம் கொடு என்பவை. சந்தாவுக்காகவா இவ்வளவு என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் பின்னால் போய்த்தான் விடை தேட வேண்டும்.

அடிமை வியாபாரம் நடந்த காலம் முழுவதிலும் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 125 இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். மறுகரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறக்குறைய 107 இலட்சம். மீதிப்பேர் கடலோடு போனார்கள். இன்றைய ஐக்கிய அமெரிக்காவுக்கு நேரே கொண்டுவரப்பட்டவர்கள் 4 இலட்சத்துக்கும் குறைவுதான். ஆனால் 1860இல் அங்கே சுமார் 40 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் சொன்னது. பிள்ளை பிறந்தால் முதலாளியின் சொத்து கூடியது.

அவர்களில் பெரும்பகுதியினர் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்தார்கள். சொலமன் நோர்தப் என்ற சுதந்திரமான கறுப்பு மனிதரை 1841இல் கடத்திக்கொண்டுபோய் லூசியானாவில் அடிமையாக விற்றார்கள். 12 வருடம் கழித்து மீண்டு வந்து, அனுபவித்ததை எல்லாம் புத்தகமாக எழுதினார். பொழுது சாய்ந்தபின் பருத்திக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போகிற நேரத்தின் பயத்தை அதில் சொல்கிறார். நிறுவை நேரத்துப் படபடப்பைப் பற்றி இங்கே இருக்கிற சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நிறை குறைந்தால் கசையடி. கூடினாலும் நிம்மதி கிடையாது. இன்று பத்து இறாத்தல் கூட எடுத்தாய் என்றால், நாளைக்கு அதுதான் உன் கணக்கு.

நமக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பிரித்தானியா 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. நட்டஈடாக 2 கோடி பவுண் கொடுத்தது. யாருக்கு? அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி உற்பத்தி விழுந்தது. இலங்கையின் மலைகளில் காடழித்துக் கோப்பி நட்டவர்களுக்கு அது நல்ல காலமாகப் போயிற்று. அந்தக் கோப்பிக்காகத்தான் நமது முன்னோரைத் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அடிமைகள் அல்லர். அவர்களைச் சந்தையில் நிறுத்தி ஏலம் விடவில்லை. இரண்டையும் ஒன்று என்று மேடைக்காகச் சொல்வது சரியில்லை. ஆனால் ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலிதான் வேண்டும் என்றில்லை, கடனும் போதும் என்பதைக் கங்காணியின் முன்பணமும் துண்டு முறையும் நமக்குக் காட்டின. 1921இல் தான் துண்டு ஒழிந்தது.

அமெரிக்காவிலும் அடுத்து வந்தது கடன்தான். 1865இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. கையில் நிலம் இல்லை, மாடு இல்லை, கலப்பை இல்லை. பழைய முதலாளியின் காணியிலேயே பங்குக்குப் பயிர்செய்தார்கள். விதையும் மாவும் துணியும் முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்க வேண்டும். வருட முடிவில் கணக்குப் புத்தகத்தை முதலாளி திறப்பார். விளைச்சலில் உன் பங்கு இவ்வளவு, கடன் அதைவிடக் கூட என்பார். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே குற்றமாக்கிய மாநிலங்கள் பல இருந்தன. அப்படி வளர்ந்தவர் அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்?

வாக்குரிமையும் இப்படித்தான். 1870இல் கொடுத்தார்கள். பிறகு வாக்களிக்க வரி, எழுத்துப் பரீட்சை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பிடுங்கினார்கள். மெம்பிஸுக்குக் கிழக்கே உள்ள ஃபயெட் மாவட்டத்தில் கறுப்பு மக்களே பெரும்பான்மை. 1959, 1960இல் அவர்கள் வாக்காளர் பதிவுக்கு வரிசையில் நின்றார்கள். பதிந்தவர்களைக் காணிக்காரர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். கடைக்காரர்கள் பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு சாமான் கொடுக்க மறுத்தார்கள். குளிர்காலத்தில், பிள்ளைகுட்டிகளோடு, ஒரு கறுப்பு விவசாயியின் நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். வேலை தருபவனே வீடும் தருகிறான் என்றால், வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போதே வீட்டுக் கதவையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பருத்திக் காடுகளுக்கு இயந்திரங்கள் வந்தபின் வேலை இழந்து நகரத்துக்கு வந்தவர்களில் பலர்தான் மெம்பிஸின் குப்பைத் தொழிலாளர்கள். வீட்டுப் பின்வளவிலிருந்து குப்பையைத் தொட்டியில் நிரப்பித் தலையிலோ தோளிலோ சுமந்து வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி ஓட்டையாக இருந்தால் அழுகல் தண்ணீர் உடம்பெல்லாம் வழியும். சீருடை இல்லை, குளிக்க இடம் இல்லை. மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர். ஐம்பது வயது ஆளையும் "ஏ பொடியா" என்றுதான் கூப்பிடுவார்கள். முழுநேரம் வேலை செய்தும் அரசாங்க நிவாரணம் வாங்கித்தான் பல குடும்பங்கள் சாப்பிட்டன.

1968 ஜனவரி கடைசியில் ஒரு மழைநாள். கால்வாய் வேலைக்கு வந்த 22 கறுப்புத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளையர்களுக்கு அன்றைய சம்பளம் முழுதும் கிடைத்தது. மழைக்கு அரைப்பேர் போட்ட கதை நமக்குப் புதிதில்லை. ஆனால் ஒரே மழையில் ஒருவனுக்கு முழுப்பேர், ஒருவனுக்கு இல்லை என்றால் எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த நாட்களிலும் மழை. பெப்ரவரி 1ஆம் திகதி எக்கோல் கோல், ரொபர்ட் வோக்கர் என்ற இருவர் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்புறத்துக்குள் ஏறினார்கள். வீட்டு வாசல்களில் ஒதுங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கியது. இருவரும் உள்ளேயே நசுங்கி இறந்தார்கள். அந்த மாதிரி வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். மணிக்கூலி ஆட்கள் என்பதால் சட்டப்படி நட்டஈடு இல்லை. ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டொலரும் கொடுத்து மாநகரசபை விடயத்தை முடித்தது. இறந்தவர்களில் ஒருவருடைய மனைவி அப்போது கர்ப்பிணி.

பெப்ரவரி 12, திங்கட்கிழமை. சுமார் 1300 பேர் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தின் தேசியத் தலைமைக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் குப்பை நாறாது, கோடையில் நிறுத்தினால்தான் நகரம் பணியும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு பேரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களிடம் கோடைவரை பொறு என்று யார் சொல்வது? உள்ளூரில் இவர்களைச் சேர்த்தவர் டீ. ஓ. ஜோன்ஸ். அவரும் குப்பைத் தொழிலாளி, சங்கம் கட்டியதற்காக 1963இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 1966இலும் ஒரு வேலைநிறுத்தத்துக்கு முயன்றார்கள். நீதிமன்றத் தடை உத்தரவு வந்து அது நின்றுபோயிற்று.

நகர மேயர் ஹென்றி லோப் கத்தி பேசுகிறவர் அல்ல. எந்தத் தொழிலாளியும் தனியாக வந்தால் பேசுவேன், என் கதவு திறந்திருக்கிறது என்றார். சங்கத்தோடு மட்டும் ஒப்பந்தம் கிடையாது, சந்தா பிடிப்பது கிடையவே கிடையாது. அவருக்கு விடயம் நன்றாகத் தெரியும். தனியாக வருகிறவனுக்குக் கொடுப்பது தயவு, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். சங்கத்துக்குக் கொடுத்தால் அது உரிமையாகிவிடும். மாதாமாதம் சந்தா வந்துகொண்டிருந்தால் அந்தச் சங்கத்தைப் பட்டினி போட்டு மூடவும் முடியாது.

பெப்ரவரி 23ஆம் திகதி ஊர்வலம் போனவர்களைப் பொலிஸார் கண்ணெரிச்சல் மருந்து தெளித்து அடித்தார்கள். போதகர்கள்மீதும் அது பட்டது. அதுவரை ஒதுங்கி நின்ற கறுப்புத் தேவாலயங்கள் அதன்பிறகு முழுதாக இறங்கின. முன்னின்றவர் ஜேம்ஸ் லோசன் என்ற போதகர். 1950களில் இந்தியாவில் நாக்பூரில் தங்கி, காந்தியின் சத்தியாக்கிரகத்தைக் கற்று வந்தவர். தேவாலயங்களில் அரிசி, மாவு, பணம் சேர்ந்தது. நகரக் கடைகளில் எதுவும் வாங்குவதில்லை, ஈஸ்டருக்குப் புதுத்துணியும் எடுப்பதில்லை என்று குடும்பங்கள் தீர்மானித்தன. சம்பளம் இல்லாத வீட்டை ஓட்டியவர்கள் பெண்கள். அவர்களின் பெயர்கள் புத்தகங்களில் அதிகம் இல்லை.

மார்ச் 18ஆம் திகதி கிங் வந்து பேசினார். உணவுக்கடையில் வெள்ளையனுக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமை கிடைத்தது, ஆனால் சாப்பிட்டதற்குக் கொடுக்கக் காசில்லாவிட்டால் அதனால் என்ன பயன் என்ற கருத்தில் கேட்டார். 1964இல் சம உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தபிறகு அவர் போராட்டம் சம்பளப் பக்கம் திரும்பியிருந்தது. மார்ச் 28 ஊர்வலத்தில் குழப்பம் ஏற்பட்டது. கடைக் கண்ணாடிகள் உடைந்தன. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. சுமார் 4000 படையினர் நகருக்குள் வந்தார்கள். மறுநாளே தொழிலாளர்கள் துப்பாக்கி முனைகளுக்கு நடுவே மறுபடி நடந்தார்கள். கழுத்தில் தொங்கிய மட்டையில் "நான் ஒரு மனிதன்" என்று இருந்தது. அவர்களின் மொழியில் அதே சொல்லுக்கு வளர்ந்த ஆண் என்றும் பொருள். பொடியா என்று கூப்பிட்டவனுக்கு அதுதான் பதில்.

ஏப்ரல் 4 மாலை, லொரெய்ன் விடுதியின் மாடி முற்றத்தில் கிங் சுடப்பட்டார். நான்கு நாளில் அவர் மனைவி கொரெட்டா, கணவரை இன்னும் அடக்கம் செய்யாத நிலையில், மெம்பிஸுக்கு வந்து பல்லாயிரம் பேரின் மௌன ஊர்வலத்தை நடத்தினார். ஜனாதிபதி ஜோன்சன் தொழில் திணைக்களத்திலிருந்து ஒருவரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்.

ஏப்ரல் 16, 65ஆவது நாள். சங்கம் ஏற்கப்பட்டது. மணிக்கு மே மாதத்தில் 10 சதம், செப்டெம்பரில் 5 சதம் கூடுதல். முறைப்பாடுகளை விசாரிக்க ஒழுங்கு. சந்தாவும் கிடைத்தது, ஆனால் கொஞ்சம் சுற்றுவழியில். தொழிலாளரின் கடனுதவிச் சங்கத்துக்குப் பணம் பிடித்து, அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு. மேயர் தன் வாக்கை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது தவறில்லை என்பதே எங்கள் கருத்து. பேச்சுவார்த்தை மேசையில் எதிரில் இருப்பவன் முகத்துக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

கிடைக்காததும் உண்டு. அந்தத் தொழிலாளர்களுக்கு மாநகரசபை ஓய்வூதியம் சேரவில்லை. பலர் வயது போயும் வேலையை விட முடியாமல் இருந்தார்கள். 2017இல், அப்போது உயிரோடிருந்த சில பேருக்கு, ஆளுக்கு 70,000 டொலர் கொடுக்க மெம்பிஸ் மாநகரசபை முடிவெடுத்தது. 1968இல் ஊர்வலம் போன ஒருவர், எண்பது வயது தாண்டியும், அந்த வருடத்திலும் குப்பை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.