வெட்டாத கத்தி

கத்தி என்றவுடன் எவர் நெஞ்சிலும் முதலில் எழுவது அதன் கூர்மையே. ஆயின், கூர்மை இல்லாதிருப்பதையே சிறப்பாகக் கொண்ட கத்தியும் உலகில் உண்டு. போர்க்கலை பயில்வோருக்கென யப்பானியத் தச்சர் கையால் இழைத்துத் தரும் மரக் கத்தியே அது. அந்நாட்டினர் தந்தோ என வழங்கும் குறுவாளின் வடிவில், ஏறக்குறைய ஓர் அடி நீளத்தில் அது அமைந்திருக்கும்.

மோரிஹேய் உயேஷிபா (1883–1969) வகுத்த ஐக்கிடோ என்னும் தற்காப்புக் கலையில் இக்கத்திக்குத் தனியிடம் உண்டு. ஒருவர் கத்தியால் மற்றவரின் வயிற்றை நோக்கிக் குத்துவார். அல்லது தலையை நோக்கி ஓங்குவார். மற்றவர் விலகி, மணிக்கட்டைப் பற்றி, கத்தியைக் கவர்ந்துகொள்வார். தாக்குபவர் தயங்கினால் பயிற்சி வெறும் பாவனையாகிவிடும். தயங்காது தாக்கவேண்டுமெனின், கருவி முறியாது, சிராய் எழாது என்னும் உறுதி இருவருக்கும் வேண்டும். அவ்வுறுதியை அளிப்பவர் பயிற்சிக் கூடத்திற் காணப்படாத தச்சரே.

கியூஷூத் தீவின் தென்பகுதியில், மியாசாக்கி மாகாணத்தைச் சேர்ந்த மியாக்கோனோஜோ நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. யப்பானிற் செய்யப்படும் மரவாள்களுட் பெரும்பகுதி அங்கிருந்தே வருகின்றது. செந்நிற ஓக், வெண்ணிற ஓக் ஆகிய வன்மரங்களையே அங்குள்ளோர் பெரிதும் விரும்புவர். பலகைகளைக் காற்றாட அடுக்கி மெல்ல உலர்த்துவர். அவசரப்பட்டால் முனைகளில் வெடிப்புக் காணும். பின்னர் தெரிவு நடைபெறும். கணு விழுந்த பலகை கழிக்கப்படும். நார் பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓடும் துண்டே தேறும். நார் சரிந்து ஓடுமாயின், அடிபட்டவுடன் அவ்வழியே மரம் முறியும். முறிந்த துண்டின் முனையோ உண்மைக் கத்தியைப் போலவே ஊறு விளைக்கும்.

தேறிய துண்டை இழைப்புளியாற் சீவி உருவாக்குவர். அலகின் வாய் எப்பக்கம் உள்ளதென்பதைக் கண் பாராமலே கை உணரும்பொருட்டுப் பிடி முட்டை வடிவாக அமையும். வாய்ப்புறத்தை மழுக்கி, நுனியை உருட்டுவர். இறுதியில் உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பார்ப்பர். கண்ணுக்குத் தப்பிய சிராய் கைக்குத் தப்புவதில்லை.

முன்னர் பல பட்டறைகள் இயங்கிய அந்நகரில் இன்று எஞ்சியிருப்பவை ஒருசிலவே. நல்ல மரம் அருகிவருகின்றது. தொழிலைக் கற்க முன்வரும் இளைஞரும் சிலரே. மலிவான பொருள்களும் சந்தையிற் போட்டியிடுகின்றன. கடையில் அடுத்தடுத்து வைத்தால் நல்ல கத்தியும் மலிவான கத்தியும் ஒன்றுபோலத் தோன்றலாம். தச்சர் கழித்தொதுக்கிய பலகைகளை வாங்குபவர் காண்பதில்லை. ஆயினும் நல்ல கத்தியின் விலையில் அவற்றின் விலையும் அடங்கியுள்ளது. அதனைக் கொடுக்க மனமுள்ளோர் இருக்கும்வரையே அத்தொழில் நிலைக்கும்.