21,000 ரூபாய்க் கோடு



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம். ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்த சிப்காட் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த பஸ்களில் போகிற பலருடைய சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ.’, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்றொரு பிடித்தம் இருக்கும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்றால் தொழிலாளி கட்டுவது 157 ரூபாய் 50 காசு. நிர்வாகம் கட்டுவது 682 ரூபாய் 50 காசு. இதில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. உடம்பு முடியாமல் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு.

சம்பளம் 21,500 ஆகி, 21,000 என்ற இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டட்டும். நடப்பு ஆறு மாதச் சந்தா காலம் முடிந்ததும் பிடித்தம் நின்று, பிறகு இ.எஸ்.ஐ. பலனும் நின்றுவிடும். சரி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமா? அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள், அதாவது மாதம் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கியவருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீடும் இருக்கலாம். ஆனால் வேலை போனால் அதுவும் போய்விடும்.

இந்த 21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. 2019 ஜூலையில் மொத்தச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். சந்தா குறைந்ததில் பெரும்பங்கு ஆதாயம் நிர்வாகங்களுக்கு. வரம்பை உயர்த்தினால் செலவு கூடும் என்பதால் அவர்கள் தயங்குகிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கைத் தருவது மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகம். குறை என்று போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இது வசதி.

தொழிலாளிக்கும் சலிப்பு. அரைநாள் லீவு போட்டு வரிசையில் நின்று, “மருந்து வெளியில வாங்கிக்கோங்க” என்ற பதிலைக் கேட்டவர், பிடித்தமே வேண்டாம் என்கிறார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சம்பளம் கூடியவர்கள் விலகிப்போகப் போக, நல்ல வைத்தியம் கொடு என்று தட்டிக்கேட்கும் குரலும் குறைகிறது. குறைந்த கூலிக்காரர் தனியாக நிற்கிறார்.

வரம்பு விலைவாசியோடு சேர்ந்து தானாக உயர வேண்டும். கூடவே, மருந்தகத்தில் மருத்துவரும் மருந்தும் இருக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

சம்பள ஒப்பந்தம் பேச உட்காரும் தொழிற்சங்கத் தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் பேசும் நேயர்களே, இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். இது யாரும் போடும் பிச்சையில்லை, நம் சம்பளத்தில் பிடித்த பணம்.