சின்ன வார்த்தைகள்

(இரவுப் பாடசாலை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நர்சிங் மாணவிகளும் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். வார்டில் பேசித்தான் பழக்கம். இன்னிக்கு நைட் டியூட்டி வேற இருக்கு, ஏழரைக்குள்ள கிளம்பணும். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஒரு பரீட்சையில ரெண்டு தடவை தோத்தவ. மூணாவது தடவை தேறினவ. தேறின கதையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு உபயோகப்படப் போவது தோத்த கதைதான்.

பரீட்சை பேர் ஓ.இ.டி. ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என்று 12 தொழில்காரர்களுக்கானது. 2017இலிருந்து பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலும் இதை ஏற்றுக்கொள்கிறது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதி. பிரிட்டனுக்குப் போகிற நர்ஸ் எழுதுவதில் 300, மற்ற மூன்றிலும் 350 வாங்க வேண்டும். நான் ரெண்டு தடவையும் விழுந்தது படிப்பதில். ரீடிங்.

படிக்கத் தெரியாமலா மூணு வருசம் டிப்ளமோ முடிச்சேன்? படிக்கத் தெரியாமலா டாக்டர் கிறுக்கின மருந்துச் சீட்டைப் பார்த்து ஊசி போடுறேன்? இந்தக் கேள்வியை எனக்குள்ளேயே கேட்டு ஆறு மாசம் அழுதிருக்கிறேன். ஒரு தடவை பரீட்சைக்குக் கட்டின பணம் என் ரெண்டு மாசச் சம்பளம். முதல் தடவை சீட்டுப் பணம் போச்சு. ரெண்டாவது தடவை எங்கம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு. அம்மா ஒரு வார்த்தை கேட்கல. "காதுல ஈர்க்குச்சி போட்டுக்கறேன், நீ எழுது"ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாங்க.

பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். பரீட்சைக்குச் சேர்ந்த கோச்சிங் சென்டரில் முதல் நாளே கேட்டார்கள், தமிழ் மீடியமா என்று. ஆமாம் என்றேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி. இங்கிலீஷ் பரீட்சைக்கும் என் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? சொன்னேன். "உங்களுக்கு ரெண்டு வருசமாவது ஆகும்" என்று ஒரு தீர்ப்பு வந்தது. கையில் தடியாக ஒரு வார்த்தைப் பட்டியலைக் கொடுத்து, மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். 'ஏ'யில் ஆரம்பித்து 'பி' முடிவதற்குள் முதல் பரீட்சை வந்துவிட்டது.

இப்ப நான் எங்க விழுந்தேன்னு சொல்றேன். ஒரு பயிற்சித் தாளில் 'வித்ஹோல்ட்' என்று ஒரு வார்த்தை. ஹோல்ட்னா பிடி. வித்னா கூட. அப்ப கூடவே பிடிச்சுக்கோன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். உண்மையில் அதற்குக் கொடுக்காமல் நிறுத்தி வை என்று பொருள். நாடித்துடிப்பு 60க்குக் கீழே போனால் டிகாக்சின் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு நல்லாத் தெரியும். வார்டில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். தெரிந்த வேலையைத் தெரியாத வார்த்தையில் கேட்டபோது தப்பாக எழுதினேன். பரீட்சையில் ஒரு மார்க்தான் போகும். வார்டிலாக இருந்தால் ஒரு உயிர் போயிருக்கும். அன்றைக்குத்தான் இந்தப் பரீட்சை மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்தது. இப்படி ஒரு பரீட்சை வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுக்குப் படிக்கிற வழியை நமக்கு யாரும் காட்டாததுதான் அநியாயம்.

பெரிய வார்த்தைகள் நமக்குப் பிரச்சினையே இல்லை. 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம், 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு. இதெல்லாம் கிரேக்கம். இங்கிலீஷ்காரனுக்கே அந்நியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். நம்மைக் கவிழ்க்கிறது சின்ன வார்த்தைகள். அன்லெஸ், ஆல்தோ, டிஸ்பைட், ஹார்ட்லி, எக்செப்ட், ரேதர் தேன். 'வில்' வருகிற இடத்துக்கும் 'மே' வருகிற இடத்துக்கும் உள்ள தூரம். ஒரு மருந்து பயன் தரும் என்பதும் பயன் தரக்கூடும் என்பதும் ஒன்றல்ல. அப்புறம் ரெட்டை வார்த்தைகள். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். 'பாஸ் அவே' என்றால் இறந்துபோனார். 'பாஸ் வாட்டர்' என்றால் சிறுநீர் கழித்தார். நமக்கோ பாஸ் என்றால் பரீட்சையில் பாஸ் மட்டும்தான்.

சின்ன வார்த்தை பற்றி இயக்கத்தில் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வந்த ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து வருசம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் நம் மக்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த 'மட்டும்' என்ற ஒரு சொல்லில்தான் மொத்த நிலமும் நிற்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் படிக்காதது மாதிரி இருந்தான். நம்ம தாத்தாவுக்கோ அது இங்கிலீஷில் இருந்தது. ஆக, படித்துப் புரிந்துகொள்வது என்பது நமக்குப் பரீட்சை விவகாரம் மட்டும் இல்லை, தோழர்களே.

சரி, எத்தனை வார்த்தை தெரிய வேண்டும்? மொழி ஆய்வாளர் பால் நேஷன் இதைக் கணக்குப் பார்த்திருக்கிறார். அகராதி இல்லாமல் சரளமாகப் புரிய வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் 98 சதவீத வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது 50 வார்த்தைக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். இந்தப் பரீட்சையின் மூன்றாம் பகுதியில் ஒரு கட்டுரை சுமார் 800 வார்த்தை வரும். 16 வார்த்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கலங்காதே என்று அந்தக் கணக்கை நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் ரெண்டு தடவையும் தெரியாத ஒரு வார்த்தையிலேயே மூணு நிமிசம் நின்று போனவள் நான்.

எந்த வார்த்தையை முதலில் படிப்பது? மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். பாதியில் படிப்பை விட்டுப் போகிற வங்காளத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சைவிட முதலில் படிக்கும் திறன்தான் கைகொடுக்கும் என்று 1920களிலேயே எழுதினார். அவர் 1953இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள். 2000இல் ஏவரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். இந்த ரெண்டையும் முடித்துவிட்டு அகராதிப் பக்கம் போங்கள். 'ஏ'யிலிருந்து 'இசட்' வரை மனப்பாடம் என்பது நம்மைக் களைக்க வைக்கிற வேலை.

படித்தது மறக்கிறதே என்று ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள். மறக்கத்தான் செய்யும். உனக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார், மனுசனுக்கு மறதி முதல் நாளிலேயே வேகமாக வரும் என்று. மறக்கப் போகிற நேரத்தில் திரும்ப எடுத்துப் பார்த்தால் நிற்கும். அதற்கு லைட்னர் என்பவர் 1970களில் ஒரு பெட்டி முறை சொன்னார். நான் அதை மருந்து அட்டைப் பெட்டியில் செய்தேன். பெட்டிக்குள் ஐந்து அறை. காலி மாத்திரை டப்பாவை வெட்டிச் சீட்டு. ஒரு பக்கம் வார்த்தையோடு முழு வாக்கியம், மறு பக்கம் தமிழில் பொருள். புதுச் சீட்டு எல்லாம் முதல் அறையில். தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். ரெண்டாவது அறை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, மூன்றாவது நாலு நாளைக்கு, அப்படியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பணும். நாளைக்குப் பத்துச் சீட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். பொருளைப் பார்த்துக்கொண்டே வாசிக்காதீர்கள். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுங்கள். இழுக்கிற அந்த வலியில்தான் அது மனசில் பதிகிறது.

இனி படிக்கிற முறை. ரீடிங்குக்கு மொத்தம் 60 நிமிசம், 42 கேள்வி. முதல் பகுதியில் ஒரே நோயைப் பற்றி நாலு சின்னத் தாள், 20 கேள்வி, 15 நிமிசம்தான். நான் நாலு தாளையும் முதல் வரியிலிருந்து படித்தேன். பாதியில் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படிப் படிக்கக் கூடாது. கேள்வியை முதலில் பார். எந்தத் தாளில் மருந்தளவு இருக்கிறது, எதில் அறிகுறி இருக்கிறது என்று தலைப்பை வைத்துப் பிடி. எமர்ஜென்சியில் கேஸ்ஷீட்டை முதல் பக்கத்திலிருந்தா படிக்கிறோம்? அலர்ஜி எங்கே, கடைசி பி.பி. எங்கே என்று தேடுகிறோம் இல்லையா, அதே வேலைதான். பதிலைத் தாளில் உள்ள வார்த்தையிலேயே எழுத வேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல்.

ரெண்டாவது பகுதியில் ஆறு குட்டித் தாள். சர்க்குலர், உபகரணம் இயக்கும் குறிப்பு, விதிமுறை. இதற்குப் பயிற்சி உங்கள் ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டிலேயே இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நோயாளி பெயர் உள்ள எதையும் மட்டும் எடுத்து வரக் கூடாது. மூன்றாவது பகுதி ரெண்டு நீளக் கட்டுரை. இங்கேதான் பொறி. கட்டுரையில் இருக்கிற அதே வார்த்தையோடு ஒரு விடை நிற்கும். ஆசையாக இருக்கும். பல நேரம் அது தப்பு. சரியான விடை அதே கருத்தை வேறு வார்த்தையில் சொல்லும். ஒவ்வொரு பத்திக்கும் மூணு கேள்வி கேளுங்கள். யார் பேசுகிறார்? ஒத்துக்கொள்கிறாரா, சந்தேகப்படுகிறாரா? எந்தச் சின்ன வார்த்தையை வைத்து அப்படிச் சொல்கிறாய்? தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

ஒரு தோழர் போன கூட்டத்தில் கேட்டார். இங்கிலீஷ் ஆதிக்க மொழி இல்லையா, நம்ம பிள்ளைகளை வெள்ளைக்காரனுக்கு வேலைக்காரியாக ஏற்றுமதி செய்ய இயக்கம் எதற்கு வகுப்பு நடத்த வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். நான் போனால் இங்கே ஒரு வார்டில் ஒரு கை குறையும், மறுக்கவில்லை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த கமிட்டி 2016இலேயே பரிந்துரைத்தது. எனக்கு இன்றைக்கும் 16,000தான். ஏன் போகிறாய் என்ற கேள்வியை அந்த 4,000 ரூபாயை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், தோழர். அந்தப் பரிந்துரையும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டிச் சம்பளம் கேட்கவும் இதே படிப்புத்தான் வேண்டும். போகிறவளுக்கும் வேண்டும், இங்கேயே இருந்து சங்கம் கட்டுகிறவளுக்கும் வேண்டும்.

2010இல் உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் நம் மக்கள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னால் இங்கிலீஷைக் கும்பிட முடியாது. எனக்கு அது ஊசி மாதிரி, கத்திரி மாதிரி ஒரு சாமான். கழுவி வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியதுதான். அம்பேத்கருக்கு அவருடைய அப்பா ராம்ஜி வீட்டிலேயே உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லித்தந்தார். ராம்ஜி ராணுவப் பள்ளி ஆசிரியர். நமக்கு வீட்டில் அப்படி ஒருத்தர் இல்லை. அதனால் இந்தக் கூடத்தைத்தான் நாம் அந்த வீடாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

மூணாவது தடவை ரீடிங்கில் எனக்கு 370 வந்தது. மார்க்கைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அப்ப தோட்டை மூட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. இன்னும் மூட்டவில்லை. விசா வேலைக்கே பணம் போதவில்லை. போவேனா, போக மாட்டேனா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் போகிற வரைக்கும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு இங்கே இருப்பேன்.

போன மாசம் தோற்ற தங்கச்சி ஒருத்தி அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இனி எழுத மாட்டேன் என்று எனக்குச் சொல்லி அனுப்பினவள், இன்றைக்கு வந்திருக்கிறாள். உனக்கு என்னோட அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்திருக்கேன், கண்ணு. சீட்டெல்லாம் எண்ணெய்க் கறையா இருக்கும், பார்த்துக்கோ. முதல் அறையில முதல் சீட்டு 'வித்ஹோல்ட்'. மறக்காதே. யாரும் நமக்குத் தராம நிறுத்தி வச்சிருக்கிறதை எல்லாம் கேட்டு வாங்கணும்னா, முதல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்.

நேரமாச்சு. பஸ்ஸைப் பிடிக்கணும்.