பிரசங்கம் வேண்டாம், கதை சொல்லுங்கள்

ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் பக்கம் தேவாலய ஆண்டு மலருக்கு எழுதும் இளைஞர்களுக்கு இன்றைய தகவல்.

1545-இல் மலாக்காவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையில் இருந்தவர். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழிலேயே ஜெபம் சொல்லிக்கொடுத்தார். அதே கரையில் அவருக்குப் பின் உழைத்த அண்ட்ரிக் அடிகளார், 1586-இல் 'அடியார் வரலாறு' நூலை அச்சிட்டார். புனிதர்களின் கதைகள். தமிழ் அச்சின் தொடக்க காலத்திலேயே கதைக்கு இடம் கிடைத்துவிட்டது, பாருங்கள்!

பிறகு நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறியவர். ஜான் பன்யன் 1678-இல் ஆங்கிலத்தில் எழுதிய பயணக் கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார். 'நற்போதகம்' இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலானது.

ஆனால் நம் பிள்ளைகள் எழுதினால் முதல் பத்தியிலேயே பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. அது பாதிரியார் வேலை, அவரிடமே விடுங்கள். எஸ்.பி.எம். முடித்த பையன். சிங்கப்பூர் வேலையா, மேல்படிப்பா என்று குழப்பம். ஞாயிறு காலை அம்மா எழுப்பினால், "அடுத்த வாரம் வரேன்லா" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறான். அவனை எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் கட்டாயம் திருந்தத்தான் வேண்டுமா என்ன?

எழுதியதை அவன் வயதுப் பையன் ஒருவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் கைப்பேசியை எடுக்கிறானோ, அங்கே வெட்டுங்கள்.